மடிக்கணினியில் ஒரு புழுத்துளை: 210 உறுப்புகளும் 5 உறுப்புகளும்

இரண்டு கருந்துளைகளைக் குவாண்டம் பின்னலால் (ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு பிணைந்திருப்பது) கட்டி, ஒன்றில் போட்ட துகளை மற்றொன்றில் எடுக்கும் கணக்கு ஒருவழியாக என் பழைய மடிக்கணினியில் ஓடிவிட்டது. படத்தில் ஒரு கோடு மேடாக எழுகிறது. இணைப்பின் குறியை மாற்றினால் அதே மேடு தாழ்ந்துவிடுகிறது. புழுத்துளை, அதாவது இரண்டுக்கும் இடையிலான பாலம், திறந்ததற்கான அடையாளம் என்று ஆய்வாளர்கள் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். சிக்கல் என்னவென்றால், கருந்துளை என்று எந்த வகையிலும் சொல்ல முடியாத, ஐந்தே உறுப்புகள் கொண்ட ஒரு குட்டிக் கணக்கிலும் அதே மேடு வந்து நின்றது. என் நேரத்தில் பாதியை விழுங்கியது அந்த இரண்டாவது மேடுதான். ஆனாலும் வரிசைப்படியே சொல்கிறேன்.

கோட்பாட்டுக்கு ஒரு பத்தி போதும். 1935-இல் ஐன்ஸ்டைன் இரண்டு கட்டுரைகள் எழுதினார். பொடோல்ஸ்கி, ரோசன் இருவருடன் எழுதியது குவாண்டம் பின்னல் பற்றியது. ரோசனுடன் மட்டும் எழுதியது, இன்று புழுத்துளை என்கிறோமே, அந்தப் பாலம் பற்றியது. இரண்டும் ஒன்றே என்று 2013-இல் மால்தசேனாவும் சஸ்கிண்டும் முன்மொழிந்தார்கள்: பின்னப்பட்ட இரு கருந்துளைகளுக்கிடையே பாலம் இருக்கிறது, ஆனால் அதைக் கடக்க முடியாது. 2016-இல் காவ், ஜாஃபெரிஸ், வால் மூவரும், இரு பக்கங்களையும் வெளியிலிருந்து சிறிது இணைத்தால் பாலம் கடக்கக்கூடியதாகும் என்று காட்டினார்கள். அந்த இணைப்பு இல்லாமல் எதுவும் போகாது. ஒளியை முந்துவதும் இல்லை. என் கணக்கில் நான் சோதிக்க விரும்பிய முதல் விஷயமே அதுதான்.

விண்வெளியில் இருக்கும் கருந்துளையை மடிக்கணினிக்குள் வைக்க முடியாது. அதற்குப் பதிலாள் ஒன்று உண்டு. சச்தேவும் யேவும் 1993-இல் வேறொரு காரணத்துக்காக உருவாக்கி, 2015-இல் கிடாயேவ் திருத்தி அமைத்த மாதிரி அது. மூவர் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்ஒய்கே என்பார்கள். மயோரனா ஃபெர்மியான்கள், அதாவது தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகள்கள், பல. அவற்றில் எந்த நான்கை எடுத்தாலும் அவற்றுக்கிடையே ஒரு தற்செயல் வலிமையில் ஊடாட்டம்; அப்படி ஒவ்வொரு நான்குக்கும் கணக்கில் ஓர் உறுப்பு. அவ்வளவுதான். ஃபெர்மியான்கள் ஏராளமாகவும் வெப்பநிலை தாழ்வாகவும் இருக்கும்போது, இந்த மாதிரி இரு பரிமாணக் கருந்துளையைப் போல நடந்துகொள்கிறது.

கருவிகள்: 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி, பைத்தான், அதன் கணக்கு, வரைபட நூலகங்களான நம்பை, சைபை, மேட்பிளாட்லிப். மென்பொருளுக்குச் செலவில்லை. இடையில் 8 ஜிபி ராம் பட்டை ஒன்றைப் பழைய சாமான் கடையில் 1,600 ரூபாய்க்கு வாங்கிச் சேர்த்தேன். அது ஏன் என்பது பின்னால் வரும். இவற்றைவிட அதிகம் பயன்பட்டது ஒரு கோடு போடாத நோட்டும் பென்சிலும்.

முதல் வேலை, ஃபெர்மியான்களை அணிகளாக எழுதுவது. பக்கத்துக்கு 10 என்று வைத்தால் மொத்தம் 20 மயோரனாக்கள். இரண்டு மயோரனாவுக்கு ஒரு க்யூபிட் (குவாண்டம் பிட்) என்ற கணக்கில் 10 க்யூபிட்டுகள், அதாவது 1024-க்கு 1024 அணி. நினைவகத்தில் 17 எம்பிகூட வராது. ஃபெர்மியான்களை க்யூபிட்டுகளாக எழுதும் ஜோர்டான்–விக்னர் முறையில், ஒவ்வொரு மயோரனாவுக்கும் முன்னால் பவுலி இசட் அணிகளின் (க்யூபிட் 1 ஆக இருந்தால் குறியை மாற்றுபவை) வால் ஒன்று தொங்கும். அந்த வாலை எந்த வரிசையில் கோப்பது என்பதுதான் கேள்வி.

இடப்பக்கத்தின் பத்தையும் முதலில் வைத்து, வலப்பக்கத்தின் பத்தைப் பிறகு வைப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்படி வைத்தால் முதல் ஐந்து க்யூபிட் இடது, மீதி ஐந்து வலது என்று தெளிவாகப் பிரியும். பின்னலை அளப்பது சுலபம். ஆனால் தொடக்க நிலையை, அதாவது இரு பக்கமும் முழுமையாகப் பின்னப்பட்ட நிலையைக் கட்டுவது தலைவலி. பிறகு வரிசையை மாற்றி, இடது ஒன்றும் வலது ஒன்றும் ஒரே க்யூபிட்டில், இடது இரண்டும் வலது இரண்டும் அடுத்த க்யூபிட்டில் என்று ஜோடியாகக் கோத்தேன். கணக்கு முகம் மாறிவிட்டது. முழுப் பின்னல் நிலை என்பது பத்து க்யூபிட்டும் பூஜ்யமாக இருக்கும் நிலை. நம்பையில் முதல் இடத்தில் 1, மற்ற 1023 இடங்களிலும் 0. இரு பக்கங்களையும் இணைக்கும் செயலி, எத்தனை க்யூபிட் 1 ஆக இருக்கிறது என்று எண்ணும் மூலைவிட்ட அணி ஆகிவிடுகிறது. அதன் அடுக்குக்குறிச் செயலை ஒரு வரியில் எழுதிவிடலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை, க்யூபிட்டுகளைப் பாதியாக வெட்டிப் பின்னலை அளக்க முடியாது என்பது. அதற்கு மாற்றுவழி இருந்தது. அதைக் குளிர்விக்கும் கட்டத்தில் சொல்கிறேன்.

அணிகள் தயாரானதும் நான்கு சோதனைகள் வைத்தேன். ஒவ்வொரு மயோரனாவின் வர்க்கமும் சரியாக அரை ஆக வேண்டும். வெவ்வேறு இரண்டை முன்பின்னாகப் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். இடது ஹாமில்டோனியனிலிருந்து (அந்தப் பக்கத்தின் மொத்த ஆற்றலுக்கான அணி) வலது ஹாமில்டோனியனைக் கழித்து முழுப் பின்னல் நிலையின்மேல் இட்டால் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. பின்னல் நிலையில் இடது ஃபெர்மியான் ஒன்றைப் போட்டால் ஒரு க்யூபிட் மட்டும் 1 ஆகும். அதன்மேல் ஹாமில்டோனியன் வித்தியாசத்தை ஒருமுறை இட்டால், சரியாக மூன்று க்யூபிட்டுகள் 1 ஆக உள்ள நிலைகள் மட்டுமே வர வேண்டும். ஐந்து ஒன்றுகள் உள்ள நிலை எதுவும் எட்டிப் பார்த்தால், எங்கோ ஓர் இசட் வால் அறுந்திருக்கிறது என்று பொருள். முதல் இரண்டு சோதனைகளும் அணிகளைத் தனித்தனியாகவே பார்க்கின்றன. நான்காவது மொத்த எந்திரத்தையும் ஒரே இழுப்பில் பார்த்துவிடுகிறது.

அடுத்து ஊடாட்ட வலிமைகள். பத்திலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 210. ஆகவே 210 தற்செயல் எண்கள் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அதே 210 எண்கள். இங்கே புதிதாக எடுத்துவிட்டால் இரு கருந்துளைகளும் உறவே இல்லாதவை ஆகிவிடும். வலிமை அலகை 1 என்று வைத்தால், இந்த எண்களின் மாறுபாடு 6-ஐ ஆயிரத்தால் வகுத்தது, அதாவது 0.006. நம்பையின் தற்செயல் எண் செயலி கேட்பது மாறுபாட்டை அல்ல, அதன் வர்க்கமூலத்தை: சுமார் 0.0775. 0.006-ஐ அப்படியே கொடுத்தால் நிரல் பிழை காட்டாது. எல்லாம் ஏறக்குறைய 13 மடங்கு மெதுவாக நடக்கும், படத்தில் எதுவும் நகராததுபோல் இருக்கும்.

இனி குளிர்விப்பது. தொடக்க நிலை முடிவிலா வெப்பநிலையில் இருக்கிறது. பின்னலும் உச்சத்தில், ஐந்து பிட். வெப்பநிலையின் தலைகீழியைப் பீட்டா என்பார்கள். பீட்டாவை ஏற்ற ஏற்ற, இரு ஹாமில்டோனியன்களின் கூட்டலைக் கால்வாசி பீட்டாவால் பெருக்கி, மைனஸ் அடுக்குக்குறியாக நிலையின்மேல் இட்டு, நீளத்தை மறுபடி ஒன்றாக்க வேண்டும். வெப்பப் புல இரட்டை நிலை என்று நூல்கள் சொல்வது இதைத்தான்; என்றென்றும் நிலைக்கும் கருந்துளையின் இரு பக்கங்களுக்கும் இந்த நிலையே பொருந்தும் என்பது மால்தசேனா 2001-இல் எழுதியது.

பின்னலை அளக்க, மேலே சொன்ன மாற்றுவழி: இந்த நிலையின் பின்னல் என்ட்ரோபியும் (பின்னலின் அளவு) ஒரு பக்கத்தின் சாதாரண வெப்ப என்ட்ரோபியும் ஒன்றேதான். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஐந்து க்யூபிட், 32-க்கு 32 அணி. அதன் ஐகன் மதிப்புகளை, அதாவது ஆற்றல் மட்டங்களை எடுத்து, வெப்பநிலைக்கு ஏற்ற போல்ட்ஸ்மன் எடை போட்டுக் கூட்டினால் போதும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இங்கேதான் ஒரு மாலை முழுக்கப் போனது. பீட்டாவை ஏற்றியபோது பின்னல் ஐந்து பிட்டிலிருந்து ஒழுங்காக இறங்கியது. ஆனால் பூஜ்யத்துக்குப் போகவில்லை. 1 பிட்டில் வந்து நின்றுகொண்டது. பீட்டாவை ஆயிரம் ஆக்கினாலும் 1.000. தசமப் பிழையா, நீளத்தைச் சரிசெய்வதில் கோளாறா என்று நிரலைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் பத்தை எட்டாகக் குறைத்து ஓட்டினேன், பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. பன்னிரண்டாக ஏற்றினேன், மறுபடி 1 பிட். நிரலில் கோளாறே இல்லை. இந்த மாதிரியில் ஃபெர்மியான் எண்ணிக்கையை எட்டால் வகுத்தால் மீதி பூஜ்யமாக இருக்கும்போது மட்டுமே அடிநிலை, அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலை, ஒற்றையாக இருக்கும். மீதி 2, 4, 6 என்றால் அடிநிலை இரட்டை. எவ்வளவு குளிர்வித்தாலும் அந்த இரண்டுக்கிடையே உள்ள ஒரு பிட் பின்னல் கரையாது. முன்பே தெரிந்திருந்தால் எட்டிலேயே தொடங்கியிருப்பேன்.

குளிர்விப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவைத்தேன். முழுப் பின்னல் நிலையில் ஒரு ஃபெர்மியானைப் போட்டுவிட்டு நேரத்தை ஓட்டினால், 1 ஆக உள்ள க்யூபிட்டுகளின் சராசரி எண்ணிக்கை 1-இல் தொடங்கி, ஏறி, 5-ஐ ஒட்டி நிற்கிறது. ஒரு ஃபெர்மியானில் இருந்த செய்தி பத்திலும் கலந்துவிட்டது; கருந்துளையில் விழுந்த பொருள் கரைவதற்கு இந்த மாதிரியில் உள்ள பெயர் இதுதான். ஒரு பாத்திரத் தண்ணீரில் விட்ட மைத்துளி மாதிரி. அந்தத் துளியை மறுபக்கத்தில் துளியாகவே திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

செய்முறை இது. இடப்பக்கத்தில், கடந்த காலத்தில் ஒரு நேரத்தில், ஃபெர்மியானைப் போடு. நேரம் பூஜ்யத்தில் இணைப்புச் செயலியை ஒருமுறை இடு: ஒவ்வொரு க்யூபிட் 1-க்கும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அலைக்கட்டத் (phase) திருப்பம். பிறகு அதே அளவு நேரம் கழித்து வலப்பக்கத்தில் அந்த ஃபெர்மியான் தெரிகிறதா என்று அள. இரண்டு ஹாமில்டோனியன்களின் ஐகன் மதிப்புகளையும் ஐகன் திசையன்களையும் ஒருமுறை கண்டு கோப்பில் வைத்துவிட்டால், எந்த நேரத்துக்கும் முன்னும் பின்னும் ஓட்டுவது வெறும் பெருக்கல்தான்.

முதலில் கோணத்தைப் பூஜ்யமாக வைத்து ஓட்டினேன். எல்லா நேரத்திலும், எல்லா வெப்பநிலையிலும் வலப்பக்கத்தில் பூஜ்யம். பின்னல் மட்டும் இருந்தால் செய்தி போகாது என்பது எண்ணாகவே திரையில் தெரிந்தது. எவ்வளவு பின்னல் இருந்தாலும் அதே பூஜ்யம்தான்.

அடுத்து கோணத்தைக் கொடுத்து, பீட்டாவைப் பூஜ்யத்திலேயே விட்டேன். இப்போது சைகை வருகிறது. ஆனால் கோணத்தை மைனஸ் ஆக்கினால் சைகையின் குறி மட்டும் மாறுகிறது; அளவு தசமம் தவறாமல் அதேதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை நோட்டில் நான்கு வரியில் காட்டிவிடலாம். செய்தி கடந்தது உண்மை, ஆனால் புழுத்துளை வழியாக என்று சொல்ல முடியாது. நேரம் பூஜ்யத்திலேயே தெரியும் சிறு சைகையையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது இணைப்புச் செயலி நேரடியாகக் கைமாற்றியது.

பீட்டாவை 4-க்கு ஏற்றியபோது இரண்டு கோடுகளும் பிரிந்தன. ஒரு குறிக்கு மேடு உயர்ந்தது, மறு குறிக்குத் தாழ்ந்தது. ஈர்ப்பு மொழியில் சொன்னால், ஒரு குறியில் இணைப்பு எதிர்மறை ஆற்றலை உள்ளே அனுப்பிப் பாலத்தைத் திறக்கிறது, மற்றதில் இன்னும் இறுக்கிவிடுகிறது. ஒற்றை 210 எண் தொகுதிக்குக் கோடுகள் கரடுமுரடாகவே இருக்கும். தற்செயல் எண்களை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் மேடு வழவழப்பாகிறது. ஒவ்வொரு தொகுதியின் விதை எண்ணையும் (அதே தற்செயல் எண்களை மறுபடி தரும் தொடக்க எண்) கோப்புப் பெயரிலேயே எழுதிவைத்தேன். பின்னால் ஒரு கோட்டில் சந்தேகம் வரும்போது அதையே மறுபடி ஓட்டிப் பார்க்க உதவியது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சியாகத் தூங்கியிருக்கலாம்.

2022 நவம்பர் 30 அன்று நேச்சர் இதழில் வந்த ஒரு செய்முறை நினைவிருக்கலாம். கூகுளின் சிக்கமோர் குவாண்டம் செயலியில், 9 க்யூபிட்டுகளையும் 164 இரட்டை க்யூபிட் வாயில்களையும் (இரண்டு க்யூபிட்டுகளின்மேல் ஒருசேரச் செய்யும் செயல்கள்) கொண்டு, ஜாஃபெரிஸ், ஸ்பிரோபுலு குழுவினர் கடக்கக்கூடிய புழுத்துளையின் இயக்கத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். 210 உறுப்புகளை எந்தக் குவாண்டம் செயலியாலும் அப்போது சுமக்க முடியாது. அதனால் இயந்திரக் கற்றல் கொண்டு உறுப்புகளைச் செதுக்கி, பக்கத்துக்கு 7 ஃபெர்மியான், 5 உறுப்பு என்ற அளவுக்குக் குறைத்தார்கள். வாடகைக்குக் குவாண்டம் செயலி எடுக்கும் எண்ணத்தை நான் கைவிட்டதற்கும் காரணம் இதுதான்: ஐந்து உறுப்புக்கே 164 வாயில் என்றால், என் 210 உறுப்புகளை இரைச்சல் தின்றுவிடும்.

அந்த ஐந்து உறுப்புகளையும் என் நிரலில் இட்டு ஓட்டினேன். ஃபெர்மியான் எண்களும் வலிமைகளும் இவை: 1, 2, 4, 5-க்கு மைனஸ் 0.36; 1, 3, 4, 7-க்கு 0.19; 1, 3, 5, 6-க்கு மைனஸ் 0.71; 2, 3, 4, 6-க்கு 0.22; 2, 3, 5, 7-க்கு 0.49. மேடு வந்தது. குறி மாற்றினால் தாழ்ந்தது. கோடுகள் என் 210 உறுப்புக் கோடுகளைவிட அழகாகவே இருந்தன.

பிறகு அந்த ஐந்தையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்த இரண்டில் எந்த எண்கள் பொதுவாக இருக்கின்றன என்று பென்சிலால் வட்டமிட்டேன். முதல் இரண்டில் 1, 4. முதலும் மூன்றாவதும் 1, 5. முதலும் நான்காவதும் 2, 4. இப்படிப் பத்து ஜோடிகளையும் பார்த்தால், ஒவ்வொன்றிலும் சரியாக இரண்டு எண்கள் பொது. மூன்று இல்லை, ஒன்று இல்லை. நான்கு மயோரனாக்களின் பெருக்கல்கள் இரண்டில் இரட்டைப்படை எண்ணிக்கையில் பொதுவானவை இருந்தால் அவை ஒன்றையொன்று தடுக்காது. எதை முதலில் இட்டாலும் விடை ஒன்று. ஐந்தும் ஒன்றோடொன்று மோதாத உறுப்புகள் என்றால், அங்கே குழப்பத்துக்கே வழி இல்லை. ஒவ்வொரு உறுப்பும் தன் பாட்டுக்கு ஊசலாடும்.

2023 பிப்ரவரியில் கோப்ரின், ஷூஸ்டர், யாவ் மூவரும் எழுதிய விமர்சனத்தின் மையம் இதுதான். அந்தச் செதுக்கிய மாதிரி வெப்பச் சமநிலைக்குப் போவதே இல்லை என்றும், பயிற்சிக்குப் பயன்படுத்திய ஃபெர்மியான்களைத் தாண்டினால் ஒற்றுமை குலைகிறது என்றும், இப்படிப்பட்ட அடையாளம் மோதாத உறுப்புகள் கொண்ட சிறிய மாதிரிகளில் பொதுவாகவே வருகிறது என்றும் சொன்னார்கள். மூலக் குழுவினர் பதிலும் எழுதினார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, ஆனால் நேரத்தை நீட்டிப் பார்க்க என்னால் முடியும்.

நீட்டினேன். பீட்டா பூஜ்யத்தில், ஒரு ஃபெர்மியான் தன் பழைய நிலையை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறது என்று அளந்தால், ஐந்து உறுப்பு மாதிரியில், மூன்றாவது ஃபெர்மியானைத் தவிர மற்றவற்றுக்கு, அது வெறும் கொசைன்களின் பெருக்கல். அந்த ஃபெர்மியான் இடம்பெறும் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொசைன். ஏழாவது ஃபெர்மியான் இரண்டே உறுப்புகளில் வருகிறது. அதன் கோடு இறங்கி, மறுபடி எழுந்து, மறுபடி இறங்குகிறது. 210 உறுப்பு மாதிரியின் சராசரிக் கோடோ ஒருமுறை இறங்கினால் தரையில் சிறு நடுக்கத்தோடு கிடக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் யார் வேண்டுமானாலும் வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம். மேட்டைச் சுற்றியுள்ள சிறு நேரப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் சொல்லவே முடியாது. குறி மாற்றும் சோதனை தேவையான ஒன்று, ஆனால் அதை மட்டும் வைத்துக் கருந்துளை என்று பெயர் சூட்ட மாட்டேன்.

அளவைப் பெரிதாக்கும் முயற்சியில்தான் அந்த 1,600 ரூபாய் போனது. பக்கத்துக்கு 12 என்றால் 4096 அணி, ஒன்றுக்கு 268 எம்பி. அப்படி ஐந்தாறு அணிகளைக் கையில் வைத்துக்கொண்டால் 8 ஜிபி மூச்சுத் திணறுகிறது. 14 என்றால் 16384 அணி, ஒன்றே 4.3 ஜிபி, ராம் பட்டை சேர்த்தும் முழு அணியாக வைப்பது வீண். அங்கே ஐகன் மதிப்பு வழியை விட்டுவிட்டு, சைபையின் ஐதான அணிகளுக்கு (பூஜ்யமல்லாத எண்களை மட்டும் சேமிப்பவை) மாறினேன். ஒரு வரிசைக்கு 1001 உறுப்பு, மொத்தம் சுமார் 1 கோடியே 64 லட்சம் எண்கள், ஏறக்குறைய 330 எம்பி. அணியின் அடுக்குக்குறியை முழுதாகக் கட்டாமல் நிலையின்மேல் நேரடியாக இடும் செயலி சைபையில் உண்டு. மெதுவாக ஓடுகிறது, ஆனால் நினைவகம் நிரம்பி நின்றுபோவதில்லை. முதலிலேயே இந்த வழிக்கு வந்திருந்தால் ராம் பட்டை தேவைப்பட்டிருக்காது.

அடுத்த முறை 8-இல் தொடங்குவேன். அடிநிலை ஒற்றை என்பதால் குளிர்விக்கும் கட்டம் சிக்கலின்றி முடியும். நான்கு சோதனைகளையும் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் தானாக ஓடும்படி செய்வேன். ஐந்து உறுப்பு மாதிரியைக் கடைசியில் அல்ல, முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு படத்திலும் மெல்லிய சாம்பல் கோடாக அருகில் வரைவேன். ஒரே ஒரு ஃபெர்மியானை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல், எல்லா ஃபெர்மியான்களையும் தனித்தனியாகப் போட்டு எடுப்பேன்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது இடைப்பட்ட ஒன்று: பக்கத்துக்கு 10 ஃபெர்மியான், 210 உறுப்புகளில் சீட்டுப் போட்டு 40-ஐ மட்டும் வைத்து, மீதியை நீக்கி, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ப வலிமையைக் கூட்டிய மாதிரி. அந்த நாற்பதில் ஒன்றோடொன்று மோதும் ஜோடிகளை நிரலே எண்ணிச் சொல்கிறது. அதற்குப் பிறகு 30, 20, 10 என்று குறைத்துக்கொண்டே போய், ஏழாவது ஃபெர்மியானின் கோடு எந்த இடத்தில் மறுபடி எழத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.